ஓர ஆட்டக்காரர் கோர்டன் ஸ்மித்

உதைபந்தாட்டம் காண வருவோரின் கண் பெரும்பாலும் பந்தின் பின்னாலேயே செல்லும். மைதானத்தின் ஓரத்தில், வெள்ளைக் கோட்டை ஒட்டி, பந்து தம்மிடம் வருமோ வராதோ என்று காத்து நிற்கும் ஆட்டக்காரரை அவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. பந்து அவர் காலடியை அடைந்ததும் திடல் முழுவதும் எழுந்து நிற்கும். அது அவரை விட்டு நீங்கியதும் அவரை மறந்துவிடும். 'றைட் அவுட்' என்றும் 'லெப்ற் அவுட்' என்றும் எம்மனோர் கூவி அழைக்கும் அந்த ஓர ஆட்டக்காரரின் தொழில் யாது, அத்தொழிலில் ஒருவர் எத்துணைக் காலம் நிலைத்து நிற்கலாம் என்பவற்றை விளக்குதற்கு ஸ்கொத்லாந்து தேசத்து வீரர் கோர்டன் ஸ்மித்தின் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த சான்று எமக்குத் தோன்றவில்லை. பந்தை ஒருநாளாவது உதைத்த பழைய மாணவரும், இன்று உதைத்து வரும் இளைஞரும், அவர்களைப் பயிற்றும் ஆசிரியரும் அறிந்துகொள்ளத்தக்க செய்தி ஒன்று அவ்வரலாற்றில் உண்டு என்பது எம் கருத்து.

முதலில் அவர் நின்ற இடத்தை விளங்கிக்கொள்வோம். ஸ்மித் விளையாடிய காலத்தில் ஒவ்வோர் அணியிலும் ஐவர் முன்னணியில் நிற்பது வழக்கம். நடுவில் ஒருவர், அவர்க்கு இருபாலும் உள்முன்னணியினர் இருவர், இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொருவர். எதிரணியின் பின்காப்பாளர் இருவரும் இவ்வோர ஆட்டக்காரரைக் காவல் செய்வதையே தலையாய கடமையாகக் கொண்டிருந்தனர். ஆகவே, பதினொருவர் கூடி ஆடும் ஆட்டத்திலே ஓரத்தில் நிகழ்வது ஒருவர்க்கும் ஒருவர்க்கும் இடையே நிகழும் தனிப்போர் ஆகும். காவலர் நெருங்கி வந்தால், ஓர ஆட்டக்காரர் பந்தை அவர்க்குப் பின்னே தட்டி ஓடிக் கடந்துவிடுவார். அதற்கு அஞ்சிக் காவலர் விலகி நின்றால், நிமிர்ந்து பார்த்துப் பந்தைக் கோல் முகப்புக்கு அனுப்ப அவகாசம் கிடைத்துவிடும். இருவர் சேர்ந்து காவல் செய்ய வந்தாலோ, நடுவில் வேறொருவர் காவலின்றி நிற்பார். எவ்வழி நோக்கினும் எதிரணிக்கு இடர்ப்பாடே.

கோட்டின் எல்லைவரை பந்தைக் கொண்டுசென்று பின்னோக்கி அனுப்புதல் மிகவும் ஆபத்தானது எனப் பயிற்றுநர் கூறுவதற்கும் காரணம் உண்டு. அப்பொழுது காப்பாளர் எல்லோரும் தங்கள் கோலையே நோக்கி ஓடிக்கொண்டிருப்பர். பந்தைப் பார்த்தால் ஆளைப் பார்க்க இயலாது. ஆளைப் பார்த்தால் பந்தைப் பார்க்க இயலாது. எதிர்வரும் முன்னணி வீரர்க்கோ பந்தும் கோலும் ஒருங்கே கண்ணுக்குத் தெரியும். அந்த ஒரு கணத்தை உண்டாக்கிக் கொடுப்பதே ஓர ஆட்டக்காரரின் தொழில். அதற்கு வேண்டியவை விரைவு, பந்தைக் காலோடு ஒட்டி நடத்தும் திறன், எப்பொழுது பந்தை விடவேண்டும் என்னும் அறிவு என்னும் மூன்றாகும். இவற்றுள் முதலாவது வயதோடு தேயும். இரண்டாவது பயிற்சியால் நிலைக்கும். மூன்றாவது ஆண்டுதோறும் வளரும். இதனை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்வாராக.

கோர்டன் ஸ்மித் 1924ஆம் ஆண்டு மே மாதம் எடின்பரோ நகரிற் பிறந்தார். கிழக்குக் கரையிலுள்ள மொன்ற்றோஸ் என்னும் சிறு பட்டினத்தில் வளர்ந்தார். எடின்பரோவிலே இரண்டு பெருங் கழகங்கள் உண்டு. 1874இல் தோன்றிய 'ஹார்ட்ஸ்' கழகம் நகரின் மேற்குப்புறத்து ரைன்காசில் மைதானத்துக்கு உரியது. அதற்கு அடுத்த ஆண்டு அயர்லாந்திலிருந்து குடியேறிய மக்களாலே தொடங்கப்பெற்ற 'ஹைபேர்னியன்' கழகம் லீத் துறைமுகத்தை அடுத்த ஈஸ்ரர் றோட் மைதானத்துக்கு உரியது. சிறுவனான ஸ்மித்தின் உள்ளம் ஹார்ட்ஸ் கழகத்தையே சார்ந்திருந்தது. அக்கழகத்தாரும் அவரைச் சேர்த்துக்கொள்ள எண்ணியிருந்தனர். ஆயின், முன்னர் ஹார்ட்ஸ் கழகத்தை நடத்திப் பின்னர் ஹைபேர்னியனுக்கு வந்திருந்த வில்லி மக்கார்ட்னி என்னும் முகாமையாளர் முந்திக்கொண்டார். 1941ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில், பதினாறு வயது நிரம்பிய அவ்விளைஞர் ஹைபேர்னியன் உடையணிந்து களம் புகுந்தார். எதிர்நின்ற அணி எது? ஹார்ட்ஸ் அணியே. அந்த முதல் ஆட்டத்திலேயே ஸ்மித் மூன்று கோல்கள் இட்டார்; அவரணி ஐந்துக்கு மூன்று என்னும் கணக்கில் வென்றது.

அது உலக யுத்தகாலம். பிரித்தானியப் பெருங் கழகங்களின் வீரர்கள் படைச்சேவையின் பொருட்டு ஆங்காங்கே தங்கி, அவ்வவ்விடத்துக் கழகங்களுக்கு விருந்தினராய் ஆடினர். பின்னாளில் மன்செஸ்ரர் யுனைற்றட் கழகத்தின் முகாமையாளராய்ப் புகழ்பெற்ற மற் பஸ்பி அவ்வாறு ஹைபேர்னியனுக்கு ஆடியவர். இளைஞராகிய ஸ்மித் அத்தகைய அநுபவசாலிகளின் பக்கத்தில் நின்று தொழில் கற்றார்.

யுத்தத்தின் பின் ஹைபேர்னியன் அடைந்த உயர்ச்சியின் பெருமையை உணர வேண்டுமாயின் ஸ்கொத்லாந்தின் நிலையைச் சிறிது அறிதல் வேண்டும். அந்நாட்டு லீக் வெற்றிப்பட்டத்தை 1905 தொடக்கம் 1947 வரை கிளாஸ்கோ நகரின் றேஞ்சர்ஸ், செல்ரிக் என்னும் இரு கழகங்களுமே மாறிமாறிப் பெற்றுவந்தன. இடையிலே ஒரேயொரு முறை, 1932இல், மதர்வெல் கழகம் அவ்வரிசையை முறித்தது. அவ்வளவே. இந்த இருபெருஞ் சுவர்களையும் உடைத்துக்கொண்டு 1948இல் ஹைபேர்னியன் பட்டம் பெற்றது. அதற்கு முன் அக்கழகம் பட்டம் பெற்றது 1903இல். அப்பருவம் முடியுமுன், சனவரி மாதத்தில் மக்கார்ட்னி காலமானார். தாம் தேடிச் சேர்த்த அணி வாகைசூடியதைக் காண அவர்க்குக் கொடுத்துவைக்கவில்லை. அவர்க்குப் பின் ஹியூ ஷோ என்பவர் பொறுப்பேற்றார்.

1949ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஷோ ஐந்து முன்னணி வீரரை முதன்முதலாக லீக் ஆட்டமொன்றில் ஒருங்கு நிறுத்தினார். வலது ஓரத்தில் ஸ்மித். அவரை அடுத்துப் பொபி ஜோன்ஸ்ரன். நடுவில் லோரி றெயிலி. அவர்க்கு இடப்புறம் எடி ரேர்ன்புல். இடது ஓரத்தில் வில்லி ஓர்மண்ட். 'புகழ்பெற்ற ஐவர்' என்று அந்நாட்டார் இன்றும் கூறுவது இவர்களையே. ஐவரும் தனித்தனியே அக்கழகத்துக்கு நூறும் அதற்கு மேலும் லீக் கோல்கள் இட்டனர் என்றால், அவ்வணியின் வலிமையை வேறு சொல்லி விளக்க வேண்டியதில்லை. கோட்டோரத்திலேயே கட்டுண்டு நில்லாது அவர்கள் தம்முள் இடம் மாறி ஆடினர். ஸ்மித் ஓரத்திலிருந்து உள்ளே நகர்வார்; அவர் விட்ட இடத்துக்கு ஜோன்ஸ்ரன் செல்வார்; ஆளைக் காவல் செய்யவந்த பின்காப்பாளர் யாரைப் பின்தொடர்வது என்று திகைப்பார். பிறர்க்குப் பந்து ஊட்டுவதே கடமையாய் உள்ள இடத்தில் நின்றுகொண்டு, யுத்தகால ஆட்டங்களையும் சேர்த்து முந்நூற்றுக்கு மேற்பட்ட கோல்களை ஸ்மித் அக்கழகத்துக்கு இட்டதன் இரகசியம் இதுவே.

1951இல் றேஞ்சர்ஸ் கழகத்தைப் பத்துப் புள்ளிகள் பின்னே தள்ளியும், 1952இல் நான்கு புள்ளிகள் பின்னே தள்ளியும் ஹைபேர்னியன் மீண்டும் பட்டம் பெற்றது. 1953இல் இரு கழகங்களும் ஒத்த புள்ளிகளைப் பெற்றன. இட்ட கோல்களைப் பெற்ற கோல்களால் வகுத்து ஈவு பார்க்கும் அக்கால முறைப்படி பட்டம் றேஞ்சர்ஸ் கழகத்துக்குச் சென்றது. அக்காலத்து மக்கள் இவ்வாட்டங்களின் மேல் வைத்த ஈடுபாட்டுக்கு இரண்டு எண்கள் சான்றாகும். 1948ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹம்டன் பார்க் மைதானத்தில் இவ்விரு கழகங்களும் மோதிய கிண்ண அரையிறுதியைக் கண்டோர் 143,570 பேர். 1950 சனவரியில் ஈஸ்ரர் றோட் மைதானத்தில் ஹார்ட்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தைக் கண்டோர் 65,860 பேர். 1952 செப்ரெம்பரில் ஸ்மித்தைக் கௌரவித்து நடத்திய ஆட்டத்துக்கு, அவ்வாண்டு இங்கிலாந்தின் வெற்றிக்கழகமாய் இருந்த மன்செஸ்ரர் யுனைற்றட் அணியைப் பஸ்பி அழைத்து வந்தார். ஹைபேர்னியன் ஏழுக்கு மூன்று என்று வென்றது.

தேசிய அணியிலே அவர் பெற்ற வாய்ப்புகள் அவர் புகழுக்கு ஏற்றன எனக் கூற இயலாது. அதே வலது ஓரத்துக்கு றேஞ்சர்ஸ் கழகத்து வில்லி வடல் என்னும் வலிய ஆட்டக்காரரும் உரிமை கொண்டாடினார். நின்று ஆடுதற்கு இடம் ஒன்று, தகுதியுடையார் இருவர். ஸ்மித் ஸ்கொத்லாந்துக்காகப் பதினெட்டு முறை ஆடினார். 1955இல் அவ்வணி ஐரோப்பியச் சுற்றுலா சென்று, வியன்னா நகரில் ஒஸ்திரிய அணியை நான்குக்கு ஒன்று என்று வென்றபோது கோல் இட்டோருள் அவரும் ஒருவர்.

அதே ஆண்டில் ஐரோப்பியக் கிண்ணப் போட்டி தொடங்கிற்று. இங்கிலாந்தின் வெற்றிக்கழகமாகிய செல்சி, தன் லீக் அதிகாரிகளின் விருப்பத்துக்கு இணங்கி விலகிக்கொண்டது. ஹைபேர்னியன் அழைப்பை ஏற்று, அக்கிண்ணத்துக்கு ஆடிய முதற் பிரித்தானியக் கழகம் ஆயிற்று. ஜேர்மனியின் எசன் நகரத்து அணியை அதன் சொந்த மைதானத்தில் நான்கு கோல்களால் வென்று, சுவீடனின் டியூர்கார்டன் அணியையும் வென்று, அரையிறுதியில் றேமண்ட் கோபா ஆடிய பிரான்சு தேசத்து றெய்ம்ஸ் கழகத்திடம் தோற்றது.

இதுவரை கூறியது ஏறுமுகம். இனி வருவதே நாம் கூற எடுத்துக்கொண்ட பொருளின் உயிர்நிலை.

ஓர ஆட்டக்காரரின் கால்கள் எதிரணியின் உதைகளுக்கு நாள்தோறும் இலக்காகும். ஸ்மித்தின் கணுக்கால் மீண்டும் மீண்டும் நோவுற்றது. 1959இல் அவர்க்கு முப்பத்தைந்து வயது. பதினெட்டு ஆண்டுகள் ஒரே கழகத்துக்கு உழைத்தவர். சத்திரசிகிச்சை செய்துகொண்டால் கால் சீராகும் என்று அவர் நம்பினார், கழகத்தார் நம்பவில்லை. அவருடைய ஆட்டம் முடிந்தது எனக் கருதி, விலையேதும் கேளாமல் அவரை விடுவித்தனர். அவர்கள் தீயோர் அல்லர். பணத்தையும் பருவத்தையும் கணக்கிட்டு ஒரு கழகத்தை நடத்த வேண்டியவர்கள். முப்பத்தைந்து வயதும் பழுதுற்ற கணுக்காலும் சேர்ந்த ஓர ஆட்டக்காரரைப் பற்றி எக்கழகத்தாரும் அவ்வாறே எண்ணியிருப்பர். அவர்கள் கணக்கில் வயது இருந்தது, காயம் இருந்தது. அம்மனிதர் தம் உடலைப் பற்றி அறிந்திருந்த அறிவு மட்டும் இடம்பெறவில்லை.

ஸ்மித் தம் சொந்தச் செலவிலே சத்திரசிகிச்சை செய்துகொண்டார். பின்னர் நகரின் மறுபுறத்துக்குச் சென்றார். தாம் சிறுவயதில் விரும்பிய, தாம் முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல்களால் வருத்திய ஹார்ட்ஸ் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. ரொமி வோக்கர் என்னும் முகாமையாளரின் கீழ் அவர் ஆடிய முதற் பருவத்திலேயே அக்கழகம் லீக் கிண்ணத்தையும் வென்றது. 1960ஆம் ஆண்டு லீக் வெற்றிப்பட்டத்தையும் வென்றது. முடிந்துவிட்டார் எனப்பட்டவர் ஓராண்டுக்குள் நான்காவது லீக் பதக்கத்தைப் பெற்றார். அடுத்த பருவத்து ஐரோப்பியக் கிண்ணத்தில் ஹார்ட்ஸ் அணி முதற் சுற்றிலேயே பென்பிகா கழகத்திடம் தோற்றது. அக்கிண்ணத்தை இறுதியில் வென்றதும் அப்பென்பிகாவே.

1961இல் ஹார்ட்ஸ் கழகமும் அவரை விடுவித்தது. இப்பொழுது வயது முப்பத்தேழு. இம்முறை அவரை அழைத்தவர் டண்டீ கழகத்தின் முகாமையாளர் பொப் ஷாங்க்லி. லிவர்பூல் கழகத்தை உயர்த்திய பில் ஷாங்க்லியின் உடன்பிறந்தார். டண்டீ கழகம் அதற்கு முன் ஒருபோதும் லீக் பட்டம் பெற்றதில்லை. அவ்வணியிலே தலையால் பந்தடிப்பதில் இணையற்ற அலன் கில்சீன் இருந்தார். இளைஞர் அன்டி பென்மன் இருந்தார். ஆசிரியத் தொழிலும் பார்த்துக்கொண்டு ஆடிய அலன் கசின் இருந்தார். பின்காப்பில் அலெக்ஸ் ஹமில்ரனும் நடுக்காப்பில் இயன் யூரும் இருந்தனர். இளமையும் ஓட்டமும் அங்கு நிறைய இருந்தன. வேண்டியிருந்தது, ஓடுகின்ற இளைஞர் எவ்விடத்தை அடைவார் என்பதை முன்னறிந்து பந்தை அவ்விடத்தில் வைத்துக்கொடுக்கும் ஒருவர். முன்னே நாம் மூன்று தகுதிகள் கூறினோம். ஸ்மித்தின் முதல் தகுதி தேய்ந்திருந்தது. ஏனைய இரண்டும் முதிர்ந்திருந்தன. அவர் இழந்த விரைவை அணியின் இளைஞர் கொடுத்தனர். அவர்கள் இன்னும் அடையாத அறிவை அவர் கொடுத்தார்.

1961 நவம்பரில் மூடுபனி சூழ்ந்த ஒருநாள், றேஞ்சர்ஸ் கழகத்தை அதன் ஐபுரொக்ஸ் மைதானத்திலேயே ஐந்துக்கு ஒன்று என்று டண்டீ வென்றது. நான்கு கோல்கள் கில்சீன் இட்டவை. பின்னர் அவ்வணி தளர்ந்து, ஆட்டங்கள் பலவற்றை இழந்து, றேஞ்சர்ஸ் கழகத்துக்குப் பின்னே விழுந்தது. எனினும் மீண்டெழுந்து, 1962 ஏப்ரில் 28ஆம் நாள் பேர்த் நகரில் சென் ஜோன்ஸ்ரன் அணியை மூன்று கோல்களால் வென்று பட்டம் பெற்றது. ஹைபேர்னியன் உடையில் அவர் முதன்முதல் களம் புகுந்த ஏப்ரில் மாதத்துக்கும் இந்த ஏப்ரில் மாதத்துக்கும் இடையே இருபத்தொரு ஆண்டுகள் சென்றிருந்தன. டண்டீ கழகம் அதன் பின் இன்றுவரை அப்பட்டத்தை மீண்டும் பெற்றதில்லை.

அடுத்த பருவத்தில் டண்டீ ஐரோப்பியக் கிண்ணத்திற் புகுந்தது. ஜேர்மனியின் கொலோன் அணியை எட்டுக்கு ஒன்று என வென்று வியப்பூட்டியது. மறு ஆட்டத்தில் நான்கு கோல்களால் தோற்றும் அடுத்த சுற்றுக்குச் சென்றது. லிஸ்பன் நகரத்து ஸ்போட்டிங் அணியையும், பெல்ஜியத்தின் அண்டர்லெக்ற் அணியையும் வென்றது. 1963 மார்ச்சு மாதத்தில், புருசெல்ஸ் நகரில் அண்டர்லெக்ற் அணியை நான்குக்கு ஒன்று என வென்றபோது ஒரு கோல் முப்பத்தெட்டு வயதான ஸ்மித் இட்டது. அரையிறுதியில் மிலான் அணியிடம் தோல்வியுற்றனர். மிலானே அவ்வாண்டுக் கிண்ணத்தை வென்றது.

ஆகவே, மூன்று வெவ்வேறு கழகங்களோடு லீக் பதக்கம், அம்மூன்று கழகங்களோடும் ஐரோப்பியக் கிண்ண ஆட்டம் என்னும் இரட்டைச் சிறப்பு ஸ்மித்துக்கு உரியதாயிற்று. அம்மூன்றனுள் றேஞ்சர்ஸும் இல்லை, செல்ரிக்கும் இல்லை என்பதைக் கருதும்போதே அதன் அருமை தெளிவாகும். 1985இன் பின் 2025 வரை, நாற்பது ஆண்டுகளாக, அவ்விரு கழகங்களன்றி வேறெதுவும் ஸ்கொத்லாந்தின் வெற்றிப்பட்டத்தைப் பெறவில்லை. ஸ்மித் ஐந்து முறை பெற்றார்.

குறையும் உண்டு. ஸ்கொத்லாந்துக் கிண்ணம் அவர் கைக்கு எட்டவேயில்லை. 1947இல் ஹைபேர்னியன் இறுதியாட்டத்தை அடைந்து அபர்டீன் அணியிடம் தோற்றது. 1902இல் வென்ற அக்கிண்ணத்தை ஹைபேர்னியன் மீண்டும் வென்றது 2016இலேதான். ஸ்மித் 2004ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் எண்பது வயதிற் காலமாகிவிட்டார். ஈஸ்ரர் றோட் மைதானத்தின் வடபுறத்து இருக்கை மாடம் இன்று 'புகழ்பெற்ற ஐவர்' பெயரைத் தாங்கி நிற்கின்றது. விடுவித்த கழகமே பெயரைப் பொறித்து வைத்தது.

யூபிலி மலர் ஒன்றிலே, பிறிதொரு நாட்டு ஆட்டக்காரரைப் பற்றி இத்துணை விரிவாகக் கூறியதன் காரணத்தை வாசகர் உணர்ந்திருப்பர். ஒரு கழகமாயினும் கல்லூரியாயினும், ஆண்டுகள் பல கடந்த நிறுவனம் எதுவும், தன்னோடு இருந்தோரை அளந்து ஏற்கவும் விடுக்கவும் வேண்டியதாகின்றது. அவ்வளவை சில வேளைகளிற் பிழைத்துப் போகும். பிழைபட அளக்கப்பட்டவர் மனம் கசந்து ஒதுங்கி நிற்கலாம்; ஸ்மித்தோ தம் காலைத் தாமே செப்பஞ்செய்துகொண்டு அடுத்த மைதானத்தின் ஓரத்திற் சென்று நின்றார். அளக்கும் பொறுப்புடையோர் அவர் வரலாற்றிலிருந்து நிதானத்தைக் கற்கலாம். அணியில் இடம் கிடையாது கோட்டுக்கு வெளியே நிற்கும் மாணவர் கற்கவேண்டியது யாதென்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. விரைவு குறைந்துவிட்டது என்று தாமே தம்மை விலக்கிக்கொண்ட எம் பழைய மாணவர்க்கும் ஒரு சொல்: இளைஞர் ஓடட்டும், பந்தை எப்பொழுது விடவேண்டும் என்று அவர்களுக்குக் காட்டுதற்கு மாலையில் மைதானத்தின் ஓரத்திலாவது வந்து நில்லுங்கள்.